மூச்சில் வரும் ஹைட்ரஜனும் சீனி செரிக்காத குழந்தையும்

மனித உடலின் எந்தச் செல்லும் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. மூச்சில் அது கூடுதலாக வந்தால், குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஏதோ ஒரு சர்க்கரையோ மாவோ செரிக்காமல் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அவை அதை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. 1969இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட் இதை அளந்து வெளியிட்டார். ஊசி குத்தாமல், குழாய் விழுங்காமல், சர்க்கரைக் கரைசலைக் குடித்துவிட்டு வெறுமனே ஊதிக் காட்டியே செரிமானத்தைச் சோதிக்கும் வழி அதிலிருந்து வளர்ந்தது. இன்று பால் செரிக்காதவர்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் எழுதித் தரப்படுகிறது. ஆனால் இது மிகவும் உதவக்கூடிய இடமும், மிக எளிதாகத் தவறாகப் படிக்கப்படும் இடமும் ஓர் அரிய பிறவிக் கோளாறுதான்: சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் குறைபாடு.

நாம் உண்ணும் சீனி சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இணைந்த இரட்டைச் சர்க்கரை அது. சிறுகுடல் உட்சுவரில் இருக்கும் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக வெட்டினால்தான் உடலுக்குள் ஏறும். வேறு எந்த நொதியும் அந்த வேலையைச் செய்வதில்லை. மாவுச்சத்தை உடைப்பதிலும் கடைசிக் கட்டத்தின் பெரும்பகுதி இதே நொதியின் பொறுப்பு. மூன்றாவது குரோமோசோமில் உள்ள எஸ்ஐ ஜீனின் இரு பிரதிகளும் பழுதானால் நொதி உருவாகாது, அல்லது உருவாகியும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேராது. 1960இல் நெதர்லாந்தில் வெய்யர்ஸும் அவருடைய குழுவினரும் இதை முதலில் விவரித்தார்கள். கோதுமைக்கும், குடல்சுவரைச் சிதைக்கும் சீலியாக் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த வில்லம் டிக்கே அந்தக் குழுவில் ஒருவர்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நன்றாகவே இருக்கும், ஏனென்றால் தாய்ப்பாலில் உள்ளது லாக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை. பழச்சாறு, சீனி போட்ட கஞ்சி, இனிப்பு சிரப் என்று தொடங்கிய பிறகுதான் நீர்த்த, புளித்த வாடையுள்ள வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை ஏறாமை எல்லாம் வரும். புட்டிப்பால் மாவில் சுக்ரோஸோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும். பால் ஒவ்வாமை என்று முடிவு கட்டி, சீனி கலந்த சோயா மாவுக்கு மாற்றினால் நிலைமை மோசமாகும். இந்த இடத்திலேயே சந்தேகம் எழ வேண்டும்.

மலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரணப் பரிசோதனையை மட்டும் நம்பக்கூடாது. பெனடிக்ட் வகைக் கரைசல் குளுக்கோஸ் போன்ற ‘ஒடுக்கும்’ சர்க்கரையைத்தான் காட்டும். சுக்ரோஸ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மாதிரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்த பிறகு பார்த்தால்தான் அது தெரியும். அமிலம் சேர்க்காமல் வந்த ‘நெகட்டிவ்’ முடிவை வைத்து இந்தக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சோதனைக்கு முந்தைய நாள்

மூச்சுச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் கருவியால் இல்லை, முந்தைய நாட்களில் நடப்பவற்றால்தான். ஆண்டிபயாடிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் கழித்தே செய்ய வேண்டும். வாயுவைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் இல்லாத குடலில், சீனி முழுவதும் செரிக்காமல் போனாலும் அளவு ஏறாது. பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்காகக் குடலைக் கழுவியிருந்தாலும் இதே கதைதான். மலமிளக்கியையும், குடல் ஓட்டத்தைத் துரிதப்படுத்தும் மருந்தையும் குறைந்தது ஒரு வாரம் முன்பாக, மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். பெரியவர்களிடம் மறக்காமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: நீரிழிவுக்கு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுக்கிறார்களா? இந்த மாத்திரைகளின் வேலையே இதே நொதியைத் தடுப்பதுதான். அவற்றை விழுங்கிவிட்டு ஊதினால், மரபுக்கோளாறு இல்லாதவருக்கும் ஹைட்ரஜன் ஏறும் அதே வளைவு கிடைக்கும்.

முந்தைய நாள் உணவில் பருப்பு, சுண்டல், வெங்காயம், பூண்டு, கோதுமை, காய்கறி, பழம், பால் வேண்டாம். வெள்ளைச் சோறு, முட்டை, மீன், கோழி, உப்பு, கொஞ்சம் எண்ணெய் போதும். பொதுவான அறிவுரைத் தாள்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். இந்தக் கோளாறைச் சந்தேகிக்கும் குழந்தைக்கு இது போதாது. நொதியில் மாவுச்சத்தைக் கவனிக்கும் ஐசோமால்டேஸ் பகுதியும் பழுதாகியிருந்தால் வெள்ளைச் சோறுகூட முழுதாகச் செரிக்காது, மறுநாள் காலை, சீனி கொடுப்பதற்கு முன் எடுக்கும் அடிப்படை அளவே உயர்ந்து நிற்கும். ஆகவே கடைசி வேளையில் சோற்றைக் குறைத்து, முட்டையையோ மீனையோ கூட்டி, மாலையிலேயே சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது. பிறகு 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். கைக்குழந்தையை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. வயதுக்கேற்ற நேரத்தை மருத்துவர் சொல்வார்.

காலையில் பல் துலக்கி நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி இருந்தால் இன்னும் நல்லது. வாயில் உள்ள பாக்டீரியாக்களே சீனியை நொதிக்கவைத்து முதல் கால் மணி நேரத்தில் ஒரு பொய் உச்சத்தைக் காட்டக்கூடும். சூயிங்கம், மிட்டாய், சர்பிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த இருமல் மருந்து எதுவும் கூடாது. அருகில் யாரும் புகைக்கவும் கூடாது, புகையிலும் ஹைட்ரஜன் உண்டு. உடல்நலத்துக்கு என்று விற்கப்படும் ஹைட்ரஜன் தண்ணீரைக் குடித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். குடித்த சில நிமிடங்களில் மூச்சில் ஹைட்ரஜன் ஏறி, சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்கும் செரிமானத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கரைசலும் ஊதுதலும்

வழக்கமான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் சுக்ரோஸ். உச்சவரம்பு 50 கிராம். அதை 20 சதவீதக் கரைசலாகக் கொடுக்க வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம் சீனி, கரைத்த பின் மொத்தம் 120 மில்லி. 25 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 50 கிராம், 250 மில்லி. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். வயிற்றுப்போக்கு கடுமையாக உள்ள சிறு குழந்தைக்குக் கிலோவுக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்ளும் மையங்களும் உண்டு. எங்கள் பார்வையில் அதுவே சரி. காரணம் எளிய கணக்கு. 24 கிராம் சுக்ரோஸ் என்பது ஏறத்தாழ 70 மில்லிமோல். அது செரிக்காமல் குடலில் நின்றால், இரத்தத்துக்குச் சமமான செறிவுக்கு வருவதற்குள் சுமார் 240 மில்லி நீரைப் பிடித்துவைக்கும். பாக்டீரியாக்கள் அதைச் சிறு அமிலங்களாக உடைக்கும்போது இன்னும் கூடும். 12 கிலோ உடலுக்கு இது சின்ன இழப்பு இல்லை. நான்கு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு வீட்டிலேயே கவனிக்கும் முறை ஒன்று சொல்லப்படுகிறது. பெரியவர்களுக்கு அது ஒரு குறிப்புதரும் முறை, அவ்வளவே. கைக்குழந்தையிடம் அதைச் செய்யவே கூடாது.

சீனித்தண்ணீர் கொடுப்பதற்கு முன் ஓர் அடிப்படை மூச்சு, பிறகு 30 நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று மணி நேரம். முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்று எடுப்பது நல்லது. முன்கூட்டியே வரும் உச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய அது உதவும். அடிப்படை அளவே 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு) மேல் இருந்தால் சீனியைக் கொடுக்காமல் வேறு நாளுக்குத் தள்ளிவைப்பதே மேல்.

மூச்சை 15 விநாடி அடக்கி, பிறகு மெதுவாகச் சீராக ஊத வேண்டும். முதலில் வரும் காற்று தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தேங்கியிருந்த காற்று. அதை விட்டுவிட்டு, கடைசியில் வரும் காற்றைத்தான் பிடிக்க வேண்டும். சிறு குழந்தைக்கு முகமூடி வைத்து எடுப்பார்கள். அழுகிற குழந்தையின் மூச்சு வெளிக்காற்று கலந்து நீர்த்துப்போகும். ஆகவே அதே மாதிரியில் கார்பன் டைஆக்சைடையும் அளந்து திருத்தம் போடும் கருவியாக இருந்தால்தான் குழந்தைகளின் எண்களை நம்பலாம். தூங்கும்போது மூச்சு மெதுவாகி ஹைட்ரஜன் அளவு ஏறும், ஓடியாடினால் இறங்கும். மூன்று மணி நேரமும் விழித்து, உட்கார்ந்து விளையாடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்வேதி உணரி உள்ள கைக்கருவிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு: ஆல்கஹால் ஆவியையும் அவை ஹைட்ரஜனாக எண்ணிவிடக்கூடும். சானிடைசர் தேய்த்த கையால் வாய்க்குழாயைப் பிடித்தால் எண் துள்ளும். அந்த அறையில் சோப்பும் தண்ணீரும்தான் சரி. மாதிரியைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்தால் அன்றே சில மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். ஹைட்ரஜன் மிகச் சிறிய மூலக்கூறு, கசிந்துவிடும். வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் தேவை.

எண்ணுக்குப் பக்கத்தில் அறிகுறிகளையும் நேரத்தோடு எழுதுங்கள்: வயிறு இரைவது, வலி, காற்று பிரிவது, மலம். மூன்று மணி நேரம் முடிந்தபின்னும் அன்று முழுவதும் எழுதுவது பயன்தரும்.

வளைவைப் படிப்பது

அடிப்படையைவிட 20 பிபிஎம் ஏறினால் ‘பாசிட்டிவ்’ என்பது பொதுவான அளவுகோல். ஆனால் எத்தனை ஏறியது என்பதைவிட எப்போது ஏறியது என்பதே முக்கியம். உதாரணத்துக்கு, தொடக்கத்தில் 4, அரை மணியில் 6, ஒரு மணியில் 10, ஒன்றரை மணியில் 35, இரண்டு மணியில் 60, கூடவே வயிற்றுப்போக்கு என்றால், சீனி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போயிருக்கிறது. அரை மணியிலேயே 30, பிறகு இறங்கி மீண்டும் ஏற்றம் என்றால் வாயையோ சிறுகுடலில் பெருகிய பாக்டீரியாக்களையோ சந்தேகிக்க வேண்டும். அடர்த்தியான சீனிக் கரைசல் குடல் ஓட்டத்தையே வேகப்படுத்தும் என்பதால் இந்த எல்லைக்கோடு அவ்வளவு கூர்மையானதும் இல்லை.

இங்கேதான் பலரும் ஒரே சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். ஹைட்ரஜன் ஏறியது என்பது, பாக்டீரியாக்கள் இருக்கும் இடத்துக்குச் சீனி போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. நொதி பிறவியிலேயே இல்லையா, சீலியாக் நோயாலோ நீண்ட தொற்றாலோ குடல்சுவர் சிதைந்து தற்காலிகமாகக் குறைந்ததா, பாக்டீரியாக்களே மேலே ஏறிவந்து சிறுகுடலில் உட்கார்ந்திருக்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது. வேறொரு நாளில் குளுக்கோஸ் கொடுத்து அதே சோதனையைச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும். குளுக்கோஸை வெட்டத் தேவையில்லை, சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சீனிக்கு ஏறி, குளுக்கோஸுக்கு ஏறாமல் இருந்தால் நொதிக் குறைபாட்டின் பக்கம் சாயலாம். இரண்டுக்கும் ஏறினால் பாக்டீரியாப் பெருக்கம் முதல் சந்தேகம். ஆனால் பிறந்த சில நாட்களிலேயே, தாய்ப்பாலுக்கே கடும் வயிற்றுப்போக்கு தொடங்கிய குழந்தையாக இருந்தால், குளுக்கோஸ்-காலக்டோஸ் உறிஞ்சாமை என்ற இன்னும் அரிதான பிறவிக் கோளாறு நினைவுக்கு வர வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஃப்ரக்டோஸ் மட்டுமே ஒத்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஹைட்ரஜன் ஏறவே இல்லை, ஆனால் குழந்தை வயிற்றுப்போக்கால் துவண்டுவிட்டது. சிலரது குடலில் மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும். நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து ஒரு பங்கு மீத்தேனாக மாற்றிவிடும். அதனால் ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் கருவி அவர்களிடம் ஏமாறும். மீத்தேனையும் அளப்பது வேண்டும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கால் பெருங்குடல் மிகவும் அமிலமாகிவிட்டால் பாக்டீரியாக்களே சோர்ந்துபோய் வாயு குறையும். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சாதாரண எண் வருவது இப்படித்தான். அறிகுறிகளை எழுதிவைத்த தாள் அங்கே எண்ணைவிட உண்மையைச் சொல்லும்.

கார்பன்-13 (கதிரியக்கமில்லாத, சற்றே கனமான கார்பன்) சேர்த்த சுக்ரோஸைக் கொடுத்து, மூச்சில் வரும் கார்பன் டைஆக்சைடில் அது எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அது பாக்டீரியாவைச் சார்ந்திருக்காது, சீனி உடலுக்குள் ஏறியதா என்பதையே நேராகக் கேட்கும். அளவும் மில்லிகிராம் கணக்கில்தான் என்பதால் வயிற்றைக் கலக்காது. ஆனால் எல்லா ஊர்களிலும் எளிதில் கிடைப்பதில்லை.

உறுதிப்படுத்த எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலிலிருந்து திசு எடுத்து நொதிகளை அளப்பார்கள். அதன் தொடக்கத்தில் உள்ள குமிழ்ப்பகுதியில் எடுத்தால் அளவு இயல்பாகவே குறைவாக வரும். அதைத் தாண்டி, கீழ்ப்பகுதியில் எடுக்க வேண்டும். எடுத்ததும் உறையவைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் நொதி அளக்க ஒன்றும் மிஞ்சாது. நுண்ணோக்கிக்கு வேறு துண்டு எடுத்துக்கொள்ளலாம். சுக்ரேஸ் இல்லாமலோ மிகக் குறைந்தோ, மாவுச்சத்துத் துண்டுகளை வெட்டும் மால்டேஸ் குறைந்து, பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் சரியாக இருந்து, நுண்ணோக்கியில் குடல்சுவரும் ஆரோக்கியமாக இருந்தால் பிறவிக் குறைபாடு என்று சொல்லலாம். எல்லா நொதிகளும் சேர்ந்து குறைந்திருந்தால் காரணம் குடல்சுவரில் இருக்கிறது.

ஜீன் பரிசோதனையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் நான்கு மாற்றங்களை மட்டும் தேடும் பரிசோதனைகள் உண்டு. தமிழ்க் குழந்தைக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் அதற்கு அதிக மதிப்பில்லை. எஸ்ஐ ஜீன் முழுவதையும் வாசிக்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்தக் கோளாறு வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல்.

உலகிலேயே இது அதிகம் காணப்படுவது கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களிடம், 5 முதல் 10 சதவீதம் வரை. கடல் உணவையே நம்பி வாழ்ந்த காலத்தில் சீனி செரிக்காதது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. அங்குள்ளவர்களைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வு, இரு பிரதிகளும் பழுதான பெரியவர்களுக்கு உடல் எடையும் கொழுப்பும் சராசரியைவிடக் குறைவு, இரத்தத்தில் அசிட்டேட் என்ற சிறு அமிலம் அதிகம் என்று காட்டியது. அந்த அசிட்டேட்டைத் தருவதும் ஹைட்ரஜனைத் தரும் அதே நொதித்தல்தான். பெரியவர்களின் இந்த நன்மையைச் சொல்லி, எடை ஏறாத கைக்குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

சமையலறையும் மருந்தும்

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான். ‘வெள்ளைச் சீனியை நிறுத்திவிட்டோம், கருப்பட்டிதான் போடுகிறோம்’ என்பது இந்தக் குழந்தைக்கு எந்த வித்தியாசமும் செய்யாது. மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, பீட்ரூட் ஆகியவற்றில் சுக்ரோஸ் கணிசமாக உண்டு. திராட்சையிலும் மாதுளையிலும் மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் தேன் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம். குளுக்கோஸ் பொடி ஒத்துக்கொள்ளும், ஆனால் சுவையூட்டிய வகைகளில் சீனி கலந்திருக்கலாம், அட்டையைப் படித்து வாங்குங்கள். பாரசிட்டமால் சிரப், ஆண்டிபயாடிக் சிரப் என்று குழந்தை மருந்துகள் பலவும் சீனிப்பாகில்தான் வருகின்றன. மருந்துக்கடையில் சீனி இல்லாத வகையையோ, பொடித்துத் தரத்தக்க மாத்திரையையோ கேட்கலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கச் சொல்லி நமக்கு நெடுங்காலமாகக் கற்றுத்தந்திருக்கிறார்கள். மற்ற குழந்தைகளுக்கு உயிர்காக்கும் அந்தக் கரைசல், இந்தக் குழந்தையின் வயிற்றுப்போக்கைக் கூட்டும். பாக்கெட்டில் வரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் சூத்திரத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, அது பாதுகாப்பானது. வீட்டிலும், பயணப் பையிலும், பள்ளியிலும் அதே பாக்கெட் இருக்கட்டும்.

நொதியை வெளியிலிருந்து கொடுக்கும் யோசனைக்கும் ஹைட்ரஜன் அளவீடுதான் ஆதாரம் தந்தது. 1987இல் வெளியான ஓர் ஆய்வில், உலர்ந்த பேக்கரி ஈஸ்ட்டைச் சீனியோடு சேர்த்துக் கொடுத்தபோது குழந்தைகளின் மூச்சில் ஹைட்ரஜன் பெரிதும் குறைந்தது. அந்த ஈஸ்ட்டின் நொதியைப் பிரித்தெடுத்த சாக்ரோசிடேஸ், சுக்ரெய்ட் என்ற பெயரில் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 15 கிலோ வரை ஒரு வேளைக்கு 1 மில்லி, அதற்கு மேல் 2 மில்லி. 60 முதல் 120 மில்லி தண்ணீரிலோ பாலிலோ கலந்து, பாதியைச் சாப்பாட்டின் தொடக்கத்திலும் மீதியை நடுவிலும் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் முதல் சில கவளத்துக்குத்தான் பயன்படும். சூடான பாலில் கலந்தால் நொதி கெடும், பழச்சாற்றில் கலந்தால் அமிலம் அதைக் கெடுக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, திறந்த நான்கு வாரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஈஸ்ட் ஒவ்வாமை உள்ளவருக்கு இது கூடாது. முதல் வேளையை மருத்துவர் அருகிலிருக்கக் கொடுப்பது நல்லது. நீரிழிவும் இருந்தால், இதுவரை ஏறாமல் போன சீனி இனி இரத்தத்தில் ஏறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த மருந்து சீனியை மட்டுமே வெட்டும், மாவுச்சத்தைத் தொடாது. சீனி தொல்லை அடங்கியும் இட்லி, சோற்றுக்குப் பிறகு உப்புசம் தொடர்ந்தால், மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை. முதலில் ஒரு வேளையின் சோற்றைப் பாதியாக்கி, முட்டை, மீன், நெய் என்று ஈடுகட்டுங்கள். நன்றாக மென்று சாப்பிட வைத்தால் எச்சில் நொதி கொஞ்சம் உதவும். ஒரு வாரம் சீராக இருந்தால் சோற்றைக் கரண்டி கரண்டியாகக் கூட்டலாம். மூன்று, நான்கு வயதுக்கு மேல் பலருக்கும் மாவுச்சத்து தாங்கும் அளவு கூடும், சீனிக்கு அப்படிக் கூடுவது குறைவு. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோற்றின் அளவை மட்டும் மறுபடி சோதித்துப் பாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று எண்ணில் பார்க்க வேண்டுமானால், அதே எடைக்கணக்குச் சீனியை மருந்தோடு கொடுத்து, அதே கருவியில், அதே இடைவெளியில் ஊதவைத்து, பழைய தாளோடு ஒப்பிடலாம்.